சலூன்காரரின் மின்விசிறி

கண்டியில் நான் முதலில் சந்தேகப்பட்டது ஒரு தட்டை. ஏரிக்குப் பின்புறத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து டீ மட்டும்தான் சொல்லியிருந்தோம். பரிமாறுகிறவர் பெரிய தட்டில் ரோல்ஸ், பட்டிஸ், பருப்பு வடை, முக்கோணமாக மடித்த ரொட்டி என்று அடுக்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். மதுரையில் கேட்காததை யாராவது கொண்டுவந்து வைத்தால் பில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.

"நாம இதெல்லாம் கேட்கவே இல்லையே," என்றேன்.

எதிரில் இருந்த ரிஸ்னா சிரித்தார். "கேக்கத் தேவல்ல அமுதா. இங்க எல்லாத்தையும் முன்னுக்கு வெப்பாங்க. விருப்பமானதை எடுங்க. மிச்சம் ஈக்கிறதைத் திருப்பிக் கொண்டு போவாங்க. சாப்பிட்டதுக்கு மட்டும்தான் காசு."

"நாம தொட்டு வெச்சதை அடுத்த மேசைக்குக் கொடுப்பாங்களா?"

"தொடாம எடுங்களேன்."

நான் ஒரு வடையை மட்டும் எடுத்தேன். அன்று செவ்வாய், நான் மீன் தொடாத நாள். அதிலும் மாசிக் கருவாட்டுத் தூள் கலந்திருக்கிறதா என்று பிட்டு முகர்ந்து பார்த்தேன். ரிஸ்னா அதைக் கவனித்தும் கவனிக்காதது போல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிஸ்னா கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்தவர், பல்கலைக்கழக விரிவுரையாளர். மூளை ஆராய்ச்சியை மனிதர்களின் அன்றாடத்துக்கு உதவும்படி மாற்றுகிற துறையில், இப்போதுதான் கால் ஊன்றுகிற இளையவர்களுக்காக ஒரு குழுவை நடத்துகிறார். பக்கவாதம் வந்தவரின் கையை மறுபடி அசைய வைப்பது, எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு வழி காண்பது, இப்படிப்பட்ட வேலை செய்கிறவர்கள். கருவி இல்லாதவருக்கு இன்னொருவருடைய கருவி போகும். ஒருவர் எழுதிய கட்டுரையை இன்னொருவர் திருத்திக் கொடுப்பார். வேலைக்கு நேர்முகம் என்றால் முதல் நாள் நாலு பேர் உட்கார்ந்து குடைந்தெடுத்துப் பழக்குவார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான், தங்கள் கூட்டத்துக்கு என்னை அழைத்தபோது எனக்குச் சந்தேகம். போகவர டிக்கெட் அவர்கள் பொறுப்பு, தங்குமிடம் அவர்கள் பொறுப்பு, சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்கள்: 'உங்கள் மூலப் பதிவுகளைக் கையோடு கொண்டுவாருங்கள்.'

எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் செல்வம் அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு, "ஓசியில சோறு போட்டு எதையோ உருவப் பார்க்கிறாங்க மேடம், ஜாக்கிரதை," என்றான்.

உருவுவதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. நான் பேருந்து ஓட்டுநர்களின் தூக்கக் கலக்கத்தைப் பற்றி ஆராய்கிறேன். தலையில் தொப்பி மாட்டி, அதன் முனைகள் தோலோடு சேர ஜெல் வைத்து, தொப்பியிலிருந்து போகும் வயர்கள் வழியாக மூளை அலைகளைப் பதிவு செய்வோம். மதியத்துக்கு மேல், ஓட்டுநருக்கே தூக்கம் வருவது தெரியும் முன்னால், ஒரு மெதுவான அலை எழும்புவதை நான் கண்டுபிடித்திருந்தேன். ஒரு மாநாட்டில் அதைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தேன்; முழுக் கட்டுரை ஒரு நல்ல ஆய்விதழின் பரிசீலனையில் இருந்தது. அது வெளிவந்தால் எங்கள் கல்லூரியில் என் வேலை நிரந்தரமாகும். முன்பு ஒருமுறை என் அளவீடுகள் வேறொருவர் பெயரில் அச்சானதைப் பார்த்தவள் நான். எனவே பதிவுகள் முழுவதையும் ஒரு பென்டிரைவில் போட்டு, அதைக் கைப்பையின் உள்துணியில் ஊக்குப் போட்டுக் குத்தி வைத்திருந்தேன். கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டுவந்துவிட்டேன். கொடுப்பதாக நான் சொல்லவில்லை.

தங்குமிடத்திலும் ஒரு குறை. அறையின் கூரையில் மின்விசிறி இல்லை. மாட்டுவதற்கான கொக்கிகூட இல்லை. இருப்பதிலேயே மட்டமான அறையை எனக்குத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. காலையில் அந்த வீட்டின் உரிமையாளரிடம் புகார் சொன்னபோது அவர் சிங்களத்தில் என்னவோ சொல்லிக் கைகூப்பினார். ரிஸ்னா மொழிபெயர்த்தார்: "இந்தக் குளிர்ல ஃபேன் போட்டா நெஞ்சுச் சளிதான் மிச்சம் எண்டு செல்றார். வேணும்னா இன்னொரு போர்வை தருவாராம்." எனக்குப் போர்வை வேண்டாம் என்றேன். பிறகு வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கூட்டம். ஒரு நூலகத்தின் மாடியை இரவல் வாங்கியிருந்தார்கள். வெளியே விடாத மழை, உள்ளே இருபது பேர் இருப்பார்கள். தரையில் ஈரச் செருப்புகளும் குடைகளும். வாசலிலேயே செருப்பைக் கழற்ற வைத்தது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

இந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. நடுவில் ஒரு மேசை போட்டிருப்பார்கள், அதற்குப் பெயர் உடைக்கிற மேசை. ஒருவர் தன் முடிவைச் சொல்வார், இன்னொருவர் அதை உடைக்கப் பார்ப்பார். ஆனால் வாயால் உடைக்கக் கூடாது. அதே சோதனையைத் தன் கையால் செய்து பார்த்தவருக்கு மட்டும்தான் எதிரில் உட்கார அனுமதி. முடிவு உடைந்து போனவருக்கு அன்று சாப்பாட்டுத் தட்டு முதலில் போகும். அவர் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த துஷ்யந்தி என்ற பெண்ணின் முடிவு என் கண் முன்னாலேயே உடைந்தது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஓம், நான் அதை யோசிக்கேல்ல. திருப்பிச் செய்து பாக்கிறன்," என்றாள். உடனே தட்டை அவள் முன்னால் கொண்டு வைத்தார்கள். அவள் நிதானமாக ஒரு மீன் பட்டிஸைத் தேர்ந்தெடுத்தாள். வெட்டுவதற்கு முன் ஆட்டுக்குக் குழை போடுவது மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. அவளை வெட்டியாகிவிட்டது என்பது பிறகுதான் உறைத்தது.

அன்று முழுக்க ஒருவன் என் பக்கத்து நாற்காலியை விடவில்லை. யோகராஜ், மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துப் பையன், ஆய்வு மாணவன். அவன் தமிழ் எங்கள் பக்கத்துத் தமிழ் மாதிரியே இருந்தது. சிவகங்கையில் இருக்கிற என் சித்தப்பா மகன் பேசுவதாகவே கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடலாம். வெளியூரில் நம்மைப் போலவே பேசுகிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

"அக்கா, டிரைவருங்கள எப்படி உக்கார வைப்பீங்க? சாஞ்சா, நிமிர்ந்தா?"

"சாதாரணமாத்தான்."

"பதிவு எடுக்கையில ஜன்னல் தொறந்திருக்குமா?"

"சில நேரம்."

"ஜெல் எவ்வளவு வைப்பீங்க?"

"தேவையான அளவு."

"உங்களுக்கு நெறைய மெயில் போட்டேன்க்கா. தொந்தரவு பண்ணிட்டேன்னு நெனைக்கிறேன்," என்றான். அந்த மின்னஞ்சல்கள் எனக்கு நினைவிருந்தன. எல்லாமே என் மூலப் பதிவுகளைக் கேட்டு வந்தவை. ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. ஆக, டிக்கெட் போட்டு வரவழைத்தது இதற்குத்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் ரிஸ்னாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டே விட்டேன். "என்னுடைய பதிவுகளுக்காகத்தானே கூப்பிட்டீங்க?"

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். "ஓம். அதுக்காகத்தான்," என்றார். "யோகராஜ்ட நெலமை உங்களுக்குத் தெரியாது. உங்கட சோதனையை அவர் கொழுந்து லொறி ஓட்டுற ஆக்களை வெச்சுச் செய்றார். மலை ரோடு, தூங்கினா லொறி பள்ளத்துலதான். ஆனா நீங்க செல்ற அந்த அலை அவருக்கு வரவே இல்ல. அவருக்கு மேல ஈக்கிற பேராசிரியர், கை சரியில்ல, வேலை தெரியாது எண்டு முடிவு கட்டிட்டார். இந்த மாசம் முடியிறதுக்குள்ள அலையைக் காட்டணும், இல்லாட்டி படிப்புப் பதிவை ரத்துப் பண்ணுவாங்க. அந்தத் தோட்டத்துல இருந்து இந்தப் படிப்புக்கு வந்த முதல் ஆள் அமுதா. திரும்பிப் போனா இனி வர ஏலாது."

"வேலை தெரியலைன்னா அதுக்கு என் பதிவு என்ன செய்யும்?"

"ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா எங்க பிழை வருது எண்டு தெரியும். அவ்வளவுதான்."

எனக்கு மனம் இளகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பையிலிருந்த ஊக்கின் மேல்தான் கை போனது. "முதல்ல அவன் பதிவு எடுக்கிறதை நான் நேர்ல பார்க்கிறேன்," என்றேன். அவன் எங்கே சொதப்புகிறான் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் என் பென்டிரைவ் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மூன்றாம் நாள் நானும் ரிஸ்னாவும் யோகராஜும் ஒரு வாடகை வேனில் மடுல்கெல்லைக்குப் புறப்பட்டோம். வத்தேகமையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் வேனின் வைப்பர் இரண்டும் ஒரு முறை துடித்துவிட்டு நின்றுவிட்டன. ஓட்டுநர் இறங்கி அதைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு எங்களிடம் சிங்களத்தில் என்னவோ கேட்டார்.

"யார்கிட்டயாச்சும் பொயில இருக்கான்னு கேக்குறாரு," என்றான் யோகராஜ்.

வண்டி நடுமலையில் நிற்கிறது, இவருக்குப் புகையிலை கேட்கிறது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. பன்வில வரை தலையை வெளியே நீட்டியபடியே ஓட்டினார். அங்கே ஒரு வெற்றிலைக் கடையில் ஒரு துண்டுப் புகையிலை வாங்கினார். வாயில் போடாமல் அதை நனைத்து முன்கண்ணாடி முழுக்கத் தேய்த்தார். அதன் பிறகு மழைத்தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ரோடு தெளிவாகத் தெரிந்தது. நான் மனதுக்குள் திட்டியது அவருக்குக் கேட்டிருக்காது என்றாலும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மடுல்கெல்லையில் யோகராஜ் பதிவு எடுக்கிற இடம் ஒரு பழைய பிள்ளை மடுவம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடத்துக்கு அங்கே அப்படித்தான் பெயர். புதிய கட்டடம் வந்துவிட்டதால் இது சும்மா கிடந்தது. சுவரில் இன்னும் அ, ஆ எழுதியிருந்தது. மர நாற்காலி ஒன்று, மேசையில் கருவி, குழு இரவல் கொடுத்த தொப்பி, ஒரு மடிக்கணினி.

அவனுடைய அண்ணன்தான் அன்றைக்குச் சோதனைக்கு உட்கார்ந்தார். கொழுந்து லாரி ஓட்டுகிறவர். கிண்டல்காரர். "இந்தத் தம்பி என் மண்டைய எத்தனையோ தடவ தொறந்து பாத்துட்டான். உள்ள ஒண்ணும் இல்லைங்கிறத ஒத்துக்க மாட்டேங்குறான்," என்றார். யோகராஜ் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். ஆடுகள் உள்ளே வந்துவிடுமாம்.

அவன் வேலை செய்வதை நான் ஒரு மாமியாரின் கண்ணோடு பார்த்தேன். தலைமுடியைப் பிரித்தான், ஜெல் வைத்தான், ஒவ்வொரு முனையையும் சோதித்தான். குறை ஒன்றும் சிக்கவில்லை. சொல்லப்போனால் என்னைவிடச் சுத்தமாகச் செய்தான். அண்ணன் இராத்திரி முழுக்க லாரி ஓட்டிவிட்டு வந்தவர், கண் சொருகியது, தலை சாய்ந்தது. திரையில் என் மெதுவான அலை வரவில்லை. தூங்கி வழிகிற மனிதரின் தலையில் வழக்கமாக வருகிற மாற்றங்கள் எல்லாம் வந்தன. நான் பெரிதாக எழுதியிருந்த அலை மட்டும் இல்லை.

எனக்கு உடனே தோன்றியது, இதில் ஏதோ சூது இருக்கிறது. கருவியின் அமைப்பை மாற்றி என் அலையை வடிகட்டிவிட்டார்களா? நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் என் ஆய்வுக்கூடத்தில் இருப்பது போலவேதான் இருந்தது.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். யோகராஜ் தாழ்ப்பாளை நீக்கினான். வேன் ஓட்டுநர், மிஞ்சிய புகையிலையோடு நின்றார். அண்ணனுக்கு வேண்டுமா என்று கேட்க வந்தாராம். அண்ணன் விழித்துக்கொண்டு, "பதிவு முடியட்டும் மல்லி, இப்ப வாய அசைச்சா தம்பி அடிப்பான்," என்று சிரித்தார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. திறந்த கதவு வழியாகப் பனியோடு காற்று உள்ளே அடித்தது. திரையைப் பார்த்தேன். அலை வந்துவிட்டது!

"பாருங்க! வந்திருச்சு பாருங்க!" என்று நான் கத்தியேவிட்டேன். மெதுவாக, அழகாக, அப்படியே என் கட்டுரையில் இருக்கிற படம்.

யோகராஜ் திரையைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். "அக்கா, இப்பதான் அண்ணன் முழிச்சிருக்காரு," என்றான்.

ஓட்டுநர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அலை அடங்கியது. நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன், அலை எழுந்தது. அண்ணனின் தலைக்கும் மேசைக்கும் நடுவில் தொங்கிய வயர்கள் காற்றில் மெல்ல ஊசலாடின. ஊசலுக்குத் தகுந்தபடி திரையில் கோடும் ஏறி இறங்கியது. வயர் ஆடினால் கோடு ஆடும் என்பது முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிற பாடம். நான்கூடப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் என் ஆய்வுக்கூடத்தில் ஏது காற்று, என்று கேட்டுக்கொண்டே தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தேன். வெறும் தகரம். மின்விசிறி இல்லை. முதல் நாள் காலையில் தங்குமிடத்தில் நான் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏசி எப்போதோ படுத்துவிட்டது. காலையில் வெயில் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் வருகிற ஓட்டுநர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "ஃபேனைப் போடும்மா," என்பார்கள். வியர்வை பட்டால் பதிவு கெட்டுவிடும் என்பதற்காக நானே முழு வேகத்தில் வைப்பேன். காலையில் அலை இல்லை, மதியம் அலை உண்டு. நான் கண்டுபிடித்தது இதைத்தான். மின்விசிறி எங்கள் ஊரில் ஒரு கருவியாகவே கண்ணில் படாது. அது கூரையோடு சேர்த்தி. எத்தனையோ காரணங்களை யோசித்து எழுதிய நான், தலைக்கு மேல் சுற்றியதை எழுதவில்லை.

"ஒரு ஃபேன் வேணும்," என்றேன்.

"மடுல்கெல்லயிலயா?" என்றார் ரிஸ்னா.

யோகராஜ்தான் யோசித்துச் சொன்னான். பஜாரில் முடி வெட்டுகிற சலூனில் ஒரு மேசை மின்விசிறி இருக்கிறது, துணியில் ஒட்டிய முடியை ஊதித் தள்ளுவதற்கு. நாங்கள் போய்க் கேட்டபோது சலூன்காரர் கத்தரிக்கோலை ஒருவர் காதருகே பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். மூன்று பேரும் ஸ்வெட்டர் போட்டிருந்தோம். "இந்தக் குளிருக்கு ஃபேனா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே தங்கச்சி?" என்றார். கொடுத்துவிட்டார். கிறீச் கிறீச் என்று கத்துகிற ஃபேன்.

அதை மடுவத்தில் வைத்துச் சுற்ற விட்டோம். அண்ணன் முழு விழிப்பாக, லாரிக் கதை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரை முழுக்க என் அலை. மின்விசிறியை நிறுத்தினோம், போய்விட்டது. மறுபடி போட்டோம், வந்துவிட்டது. அண்ணன், "என்ன தங்கச்சி, முகம் வாடிப் போச்சு? நான் ஏதும் தப்பாப் பேசிட்டனா?" என்று கேட்டார்.

திரும்பி வரும் வழியில் பன்விலவில் போனுக்கு உயிர் வந்தது. ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல். கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பரிசீலித்த ஒருவர் 'தெளிவான, துணிச்சலான முடிவு' என்று பாராட்டியிருந்தார்.

"நல்ல செய்தியா?" என்றார் ரிஸ்னா.

"கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க."

யோகராஜ், "வாழ்த்துக்கள்க்கா," என்றான். குத்திக்காட்டுகிறானோ என்று திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருவர் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இனி என்ன செய்யப் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. யோகராஜ் முன்னால் குனிந்து ஓட்டுநரிடம் சிங்களத்தில் ஏதோ பேசினான், ரிஸ்னா சிரித்தார். பின்சீட்டில் ஏதோ கிறீச்சிட்டது. திரும்பினேன். சலூன்காரரின் மின்விசிறி அங்கே உட்கார்ந்திருந்தது. திருப்பிக் கொடுக்காமல் கண்டிக்குக் கொண்டுபோகிறார்கள்! நாளைக்கு உடைக்கிற மேசையில் என்னை எல்லோர் முன்னாலும் உட்கார வைத்து இதைச் சுழல விடப் போகிறார்கள் என்று புரிந்துபோயிற்று. செல்வம் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரும்வரை, வாய் திறக்காமல் ஊருக்குப் போய்விடுவது எப்படி என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்ற எண்ணம் அதுவரை எனக்கு வரவே இல்லை.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. மாடி ஏறினதுமே கண் மின்விசிறியைத் தேடியது. மேசையில் இல்லை, மூலையிலும் இல்லை. கரும்பலகையில் அன்றைக்கு உடைக்கப் போகிறவர்களின் பெயர்கள். என் பெயருக்கு எதிரில் யோகராஜின் பெயர் இருந்து அழித்த தடம். பின் வரிசையில் அவனுடைய பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். இன்று அலையைக் காட்டுவான் என்று சொல்லி ரிஸ்னா முன்பே அழைத்து வைத்திருந்தாராம்.

யோகராஜைப் படிக்கட்டில் பிடித்தேன். "ஃபேன் எங்கே?"

"ரிப்பேர் கடையில குடுத்திருக்கேன்க்கா. சத்தம் போடுது, கண்டிக்குக் கொண்டுபோய் எண்ணெய் போட்டுத் தாங்கடான்னு சலூன் அண்ணன் சொல்லிவிட்டாரு. மஹய்யாவயில தெரிஞ்ச கடை. அதான் நேத்து டிரைவரை அந்தப் பக்கம் விடச் சொன்னேன். இந்தக் குளிருக்கு நீயும் காத்து வாங்கப் போறியான்னு கேலி பண்ணாரு."

"பலகையில உன் பேரை யார் அழிச்சது?"

"நாந்தான்."

"ஏன்?"

அவன் ஈரக் குடையை உதறிக்கொண்டே நின்றான். "அது உங்க கட்டுரைக்கா. நீங்க சொல்லணும், இல்லாட்டிச் சொல்லாம இருக்கணும். அத எடுத்து நான் எப்படிச் சொல்றது?"

"உன் பேராசிரியர் வந்திருக்காரே. அவர்கிட்ட என்ன காட்டப் போறே?"

"வரலன்னுதான் சொல்லணும்," என்றான். "வரலங்கிறது உண்மைதானே."

நான் வந்த நாளிலிருந்து என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறான் என்று யாரைப் பார்த்தேனோ, அவன் தன் படிப்பையே எனக்காக விட்டுவிட்டுப் படியில் நிற்கிறான். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவன் 'அக்கா' என்று ஏதாவது சமாதானம் சொல்வான், அதைத் தாங்க முடியாது என்று கோபப்பட்டேன். "போ. போய் அந்த ஃபேனைக் கொண்டு வா. எண்ணெய் போட்டானோ போடலையோ, அப்படியே தூக்கிட்டு வா," என்று விரட்டினேன்.

அவன் வருவதற்குள் நான் கரும்பலகையில் அவன் பெயரை மறுபடி எழுதினேன். பிறகு நானே நாற்காலியில் உட்கார்ந்தேன். நனைந்து வந்து நின்ற யோகராஜ்தான் என் தலையில் தொப்பியை மாட்டினான். "நீதான் செஞ்சு பார்த்தவன். உனக்குத்தான் உரிமை. உடை," என்றேன். ஜெல் என் காதில் வழிந்தது.

அவன் சுவிட்சைப் போட்டான். எண்ணெய் போட்டுவிட்டிருந்தார்கள், சத்தமே இல்லை. என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை, எதிரில் இருந்தவர்களின் முகங்களைத்தான் பார்த்தேன். துஷ்யந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். வாழ்க்கையில் அவ்வளவு விழிப்பாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. திரையில் நான் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன்.

பின் வரிசைப் பேராசிரியர் எழுந்து சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டார். ரிஸ்னா அதைத் தமிழில் சொன்னார்: "அப்ப இவர் இவ்வளவு நாளும் எடுத்த பதிவெல்லாம் சரியா எண்டு கேக்கிறார்."

"சரி," என்று நானே சொன்னேன். "தப்பு என்னுடையது. கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கிறேன்னு இன்னைக்கே எழுதுறேன். அவர் கை ரொம்பச் சுத்தம். என் கூடத்துல வேலை செய்ய வந்தா நான் கொடுத்து வெச்சவ."

பேராசிரியர் நேராக யோகராஜிடம் போய் மெல்லிய குரலில் என்னவோ சொன்னார். ரிஸ்னா என் காதோடு சொன்னார்: "அடுத்த வருசத்துக்கும் படிப்பைப் பதிவு செய்யச் செல்லிட்டார். பிழைக்குப் பொறுத்துக்கச் செல்றார்." யோகராஜ் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

அதற்குள் தட்டு வந்துவிட்டது. என் முன்னால்தான் வைத்தார்கள். தலையில் தொப்பியும் காதில் ஜெல்லுமாக நான் உட்கார்ந்திருக்க, அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். எல்லோருக்கும் பசி என்பது முகத்தில் தெரிந்தது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. இதுல எதுல மீன் இல்லை?" என்று கேட்டேன்.

"எல்லாத்துலயும் ஈக்கிது," என்றார் ரிஸ்னா. "அந்த வடையைத் தவிர."

முகர்ந்து பார்க்காமல் அதை எடுத்துத் தின்றேன். பிறகு பையின் உள்துணியிலிருந்து ஊக்கைக் கழற்றி, பென்டிரைவை யோகராஜிடம் கொடுத்தேன். இனி அதில் உருவுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். காலைப் பதிவுகள் எல்லாம் மின்விசிறி போடாமல் எடுத்தவைதானே, தன் லாரிக்காரர்களுடையதோடு அவற்றைச் சேர்த்துப் பார்க்கலாமா என்று அங்கேயே கேட்டான். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

மதுரையில் இறங்கியபோது அனல். ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் செல்வம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஆவலாகக் கேட்டான்: "என்ன மேடம், நான் சொன்ன மாதிரியே உருவிட்டாங்களா?"

"ஆமா," என்றேன்.

"எதை?"

தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் போய் அதை நிறுத்தினேன்.